பழைய 800-ல மூணு ஒடுக்கு: வீட்டுலயே தட்டறதா, பார்ட் மாத்தறதா, பட்டறைல விடறதா?

பொள்ளாச்சி மார்க்கெட் பக்கத்துல தேங்கா லோடு ஏத்துன டெம்போ ஒண்ணு பாக்காம ரிவர்ஸ் எடுத்ததுல எங்க அப்பாவோட 2005 மாடல் மாருதி 800 இடது பக்கம் நல்லா வாங்கிக்கிச்சுங்க. முன்னாடி ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு, சப்பையாகி நடுவுல ஒரு மடிப்பு விழுந்துருச்சு, அதை ஒட்டுன கதவுல சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. டெம்போ ஓட்டுன அண்ணன் எறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டு 2,000 ரூபாய் குடுத்தாரு, அப்பாவும் சரி போங்கன்னுட்டாரு. வீட்டுக்கு வந்து சுத்திப் பாக்கறப்பத்தான் பழசு ஒண்ணும் கண்ணுல பட்டுச்சு, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தோட்டத்து இட்டேரில திருப்பறப்ப கேட்டுக் கல்லுல இடிச்சது, டிக்கிக்குப் பக்கத்துல, பெயிண்ட் உரிஞ்சு ஓரமெல்லாம் செவப்பா துரு ஏறிக் கிடந்துச்சு.

அப்பாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது, தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க ஊரூரா சுத்துனது எல்லாம் இந்த வண்டிலதான், அதனால வித்துடலாங்கற பேச்சே எங்க வீட்டுல எடுபடாது. அப்ப இருக்கற வழின்னு பாத்தா அப்படியே விடறது, இன்சூரன்ஸ் கிளெய்ம், நாமளே தட்டி எடுக்கறது, பழைய பார்ட் வாங்கி மாத்தறது, பட்டறைல விடறது, இவ்வளவுதான். ஒரு மாசம் இதையே புடிச்சு அலசி, கொஞ்சம் கை வெச்சும் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது என்னன்னா, ஒரே வண்டில இருந்தாலும் ஒவ்வொரு ஒடுக்குக்கும் தனித்தனியா முடிவெடுக்கோணும், மொத்தமா வீட்டுலயா பட்டறைலயான்னு யோசிச்சா காசும் போகும் தகடும் போகும்.

எந்த வழின்னு பாக்கறதுக்கு முன்னாடி அடி மேல்தகட்டோட நின்னுச்சா உள்ள வரைக்கும் போச்சான்னு தெரியோணும். நான் பண்ணது, ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கற சந்துல ஒரு ரெண்டு ரூபாய்க் காசை விட்டு மேல இருந்து கீழ வரைக்கும் மெதுவா ஓட்டிப் பாத்தேன், எங்கயும் சிக்கவும் இல்ல, ஆடவும் இல்ல. பானெட்டைத் தொறந்து ரெண்டு மூலைக்கும் குறுக்க டேப் புடிச்சு அளந்தேன், இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு, அப்புறம் மாத்தி, ரெண்டும் ஒரே அளவு வந்துச்சு. கதவு பழைய மாதிரியே சாத்துது, ரோட்டுல ஸ்டீயரிங்கை விட்டா ஒரு பக்கமா இழுக்கல. இதுல ஏதாச்சும் ஒண்ணு தப்பா இருந்திருந்தா, ஃபெண்டருக்கு உள்ள இருக்கற ஏப்ரன் தகடு மடங்கியோ, வண்டியைத் தாங்கற சேஸிஸ் நகந்தோ இருக்குன்னு அர்த்தம், அப்ப வீட்டுல சுத்தியலையே தொடக்கூடாதுங்க. மேல தகடு பளபளன்னு வந்துரும், ஆனா உள்ள கோணலாவே இருந்தா டயர் தேயும், அடுத்த தடவை இடிச்சா அந்த எடம் தாங்க வேண்டிய அடியைத் தாங்காது.

அப்படியே விடறதுங்கறதை நெறையப் பேரு சோம்பேறித்தனம்னு நெனைக்கறாங்க, நான் அப்படி நெனைக்கல. பெயிண்ட் ஒடையாம ஒடுக்கு மட்டும்னா பத்து வருசம் ஆனாலும் அது அப்படியேதான் இருக்கும், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. பெயிண்ட் பேந்துருச்சுன்னா கதை வேற. நம்ம பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் மழை மறைவுல இருக்கறதால மெட்ராஸ் வண்டி மாதிரி சீக்கிரம் துரு அரிக்காதுதான், ஆனாலும் மார்கழிப் பனில நனைஞ்சு நனைஞ்சு காயற தகடு கண்டிப்பா அரிக்கும். ஒடுக்கு எடுக்க இப்ப வசதி இல்லைன்னாலும் துருவைச் சுரண்டி எடுத்துட்டு ஈரத்தை உள்ள விடாத எபாக்சி ப்ரைமர் ஒரு கோட் அடிச்சு வெச்சுடுங்க, அரை மணி நேர வேலை. ரெட் ஆக்சைடுங்கற செவப்பு ப்ரைமரை அடிச்சுட்டு அப்படியே விட்டுடாதீங்க, மேல பெயிண்ட் இல்லாட்டி அது ஈரத்தை உள்ள விடும்.

இன்சூரன்ஸ் கணக்கு பழைய வண்டிக்குப் பெருசா கட்டுப்படியாகாது. முக்காவாசிப் பேரு தர்ட் பார்ட்டி மட்டுந்தான் போட்டிருப்போம், எங்களதும் அதேதான், அதுல நம்ம வண்டி டேமேஜுக்கு எதுவும் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் 10 வருசம் தாண்டுன வண்டின்னா இரும்பு பார்ட்டுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுத்தான் தருவாங்க, பிளாஸ்டிக்குக்கும் 50, பெயிண்ட் சாமானுக்கும் 50, அதுபோக 1500 சிசிக்குள்ள இருக்கற காருக்கு 1,000 ரூபாய் நம்ம கையில இருந்து போடோணும், கிளெய்ம் இல்லாம சேத்து வெச்ச நோ கிளெய்ம் போனஸும் போயிரும், அது 5 வருசத்துல 50 சதவீதம் வரைக்கும் ஏறியிருக்கும். ஃபெண்டர் ஒண்ணு கதவு ஒண்ணுக்கெல்லாம் இதுல எறங்கறது வீண். முன்பக்கம் மொத்தமும் போனாத்தான் யோசிக்கோணும்.

இப்ப கதவு. இதை வீட்டுலயே எடுத்தேன், முழுசா திருப்தி. அகலமா, ஆழம் கம்மியா, மடிப்பு இல்லாம, பெயிண்ட் ஒடையாம இருக்கற ஒடுக்கு இருக்கு பாருங்க, அதுல தகடு உண்மையில ஒண்ணும் மடங்கல, உள்பக்கமா அமுங்கி அப்படியே மாட்டிக்கிட்டு நிக்குது, எப்படா விடுவாங்கன்னு காத்துட்டு இருக்கும். மொதல்ல சக்ஷன் கப் வெச்சு இழுத்துப் பாத்தேன், கண்ணாடி தூக்கறதுக்கு வெச்சிருப்பாங்களே அந்தக் கப்பு, கதவைக் கழுவி லேசா ஈரத்தோட அமுக்கி இழுத்ததுல முக்கால் பங்கு வந்துட்டு திரும்பவும் உள்ள போயிருச்சு. சரின்னு உள்பக்க ட்ரிம்மை, அதாவது கதவு உள்ள மூடியிருக்கற அட்டையை, கழட்டுனேன். கண்ணாடி சுத்தற கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு சின்னக் கம்பி கிளிப் இருக்கும், அதைக் கழட்ட ஸ்க்ரூ டிரைவர் வேண்டாங்க, பழைய பனியன் துணியைக் கைப்பிடிக்குப் பின்னாடி விட்டு ரெண்டு பக்கமும் புடிச்சு ரம்பம் இழுக்கற மாதிரி இழுத்தா கிளிப் தெறிச்சு வரும், ஒரு கையால மறைச்சுக்கோங்க, எங்கயாச்சும் போய் விழுந்தா தேடறதுக்குள்ள பொழுது போயிரும். கண்ணாடியை முழுசா மேல ஏத்தி விட்டுட்டேன், அப்பத்தான் உள்ள கை போற எடம் கெடைக்கும். மம்மட்டிக் காம்புல பழைய துண்டைச் சுத்தி உள்ள விட்டு, தங்கச்சி வெளிய இருந்து கப்பை இழுக்க, நான் உள்ள இருந்து ஓரத்துல அமுக்க, டொம்முனு ஒரு சத்தம், கதவு நேராயிருச்சு. ஒரு ஓரத்துல நகம் மாதிரி லேசான கோடு மட்டும் நின்னுச்சு, வெயில்ல சாஞ்சு பாத்தாத்தான் தெரியும். ட்ரிம்மைத் திரும்ப மாட்டறப்ப உள்ள ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காம மறுபடி ஒட்டுங்க, அது சும்மா இல்ல, மழைல கதவுக்குள்ள எறங்கற தண்ணி கார் உள்ள வராம தடுக்கறது அதுதான்.

ஹேர் டிரையர்ல சூடு பண்ணி ஐஸ் வெச்சா தானா வெளிய வந்துரும்னு வீடியோல காட்டறாங்க, அதையும் ஃபெண்டர் மடிப்புல பண்ணிப் பாத்தேன், ஒரு இம்மி நகரல. பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும் கொதிக்கற தண்ணி நெசமாவே வேலை செய்யும், ஊத்தி எளகுனதும் பின்னாடி இருந்து தள்ளிப் பச்சைத்தண்ணி ஊத்துனா அப்படியே நின்னுக்கும்.

ஃபெண்டர்லதான் நான் தப்புப் பண்ணேன், அதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன். சுத்தியலும் டாலியும் இருந்தா போதும்னு நெனைச்சேன். டாலிங்கறது தகட்டுக்குப் பின்னாடி புடிக்கற கனமான இரும்புக் கட்டி. ஆவாரம்பாளையத்துல தெரிஞ்ச லேத் பட்டறைல இஎன்8ங்கற கெட்டி இரும்பு ராடு வெட்டுன துண்டு ஒண்ணை வாங்குனேன், லேத்துக்காரரு ஒரு மொகத்தை லேசா வளைவா உருட்டி, ஓரமெல்லாம் அரத்துல ராவி, எமரில பளபளன்னு ஏத்திக் குடுத்தாரு, ஒண்ணரைக் கிலோ இருக்கும், கையில அமைஞ்சு நின்னுச்சு. டாலி மொகத்துல சின்னச் சொட்டை இருந்தாக்கூட அது அப்படியே தகட்டுல பதிஞ்சுரும், அதனாலதான் அந்தப் பாலிஷ். நான் பின்னாடி டாலியை வெச்சு, முன்னாடி அதே எடத்துல சுத்தியலால பள்ளத்தை நங்கு நங்குன்னு அடிச்சேன். பள்ளம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா அரை மணி நேரத்துல அந்த எடம் கை வெச்சா டப்புனு உள்ள போகுது, விட்டா டப்புனு வெளிய வருது, பழைய எண்ணெய் டின்னை அமுக்கற மாதிரி.

பல்லடம் ரோட்டுல ஒரு டிங்கர் அண்ணன் இருக்காரு, நாப்பது வருசமா இதே தொழில், அவருகிட்டக் கொண்டு போய்க் காட்டுனேன். தடவிப் பாத்துட்டு, "தம்பி, தகடு நீண்டு போச்சுங்க. சுத்தியலுக்கும் டாலிக்கும் நடுவுல தகட்டை வெச்சு அடிச்சா சப்பாத்தி மாதிரி விரியும், விரிஞ்ச தகடு எங்க போகும், இருக்கற எடத்துலதான் எகிறிட்டு நிக்கும்"னாரு. அப்புறம் வேற ஒரு கதவுத் தகட்டுல செஞ்சு காட்டுனாரு. அடி வாங்குன பள்ளத்தை மொதல்ல தொடவே கூடாது, அதைச் சுத்தி வரப்பு மாதிரி மேடு ஒண்ணு எழும்பியிருக்கும், அதுதான் பூட்டு. இடிக்கறப்ப கடைசியா மடங்குனது எதுவோ அதை மொதல்ல எடுக்கோணும், மொதல்ல மடங்குனது கடைசில. டாலி பள்ளத்துக்குப் பின்னாடி மேல அழுத்திட்டு இருக்கோணும், சுத்தியல் பக்கத்துல இருக்கற மேட்டு மேல லேசா டக் டக்குனு விழோணும், ரெண்டும் ஒரே எடத்துல சந்திக்கக் கூடாது. ஓங்கி ஒரு அடி வேண்டாம், முப்பது தட்டுத் தட்டுங்கன்னாரு. எங்க மேடு எங்க பள்ளம்னு கண்ணு சொல்லாது, உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிசுத் துணியை வெச்சுத் தடவுனாத் தெரியும், இல்லைன்னா கட்டைல 80 நம்பர் எமரி சுத்தி லேசா ஓட்டுனா மேடு பளிச்சுனு வெளுக்கும், பள்ளம் இருட்டா நிக்கும்.

நீண்ட தகட்டைச் சுருக்கறதுக்கும் வழி இருக்கு, காசு அளவுக்கு ஒரு புள்ளியை கேஸ்ல செவக்கக் காச்சி, சுத்தித் தட்டி, ஈரத்துணி வெச்சு ஆத்தணும். அதை வீட்டுல பண்ணாதீங்க. பின்னாடி வயரு போகும், அண்டர்கோட் தாரு இருக்கும், புடிச்சுக்குச்சுன்னா அணைக்க நேரம் இருக்காது. என் ஃபெண்டர்ல மடிப்பு வேற விழுந்திருந்துச்சு, மடிஞ்ச எடத்துல இரும்பு இறுகிப் போயிரும், அதை நேராக்கறது தேர்ந்த கைக்கே சிரமம். அதனால அந்த ஃபெண்டரை விட்டுட்டேன்.

இங்கதான் பார்ட் மாத்தற வழி வருது. முன் ஃபெண்டரு, பானெட்டு, கதவு, டிக்கி மூடி இதெல்லாம் போல்ட்டுல நிக்கறது. மாருதி 800-ஐ 1983-ல இருந்து 2014 வரைக்கும் போட்டாங்க, அதனால பழைய பார்ட்டுக்குப் பஞ்சமே இல்ல. உக்கடத்துல பழைய சாமான் கடைகள்ல தேடி ஒரு ஃபெண்டரை 1,200 ரூபாய்க்கு எடுத்தேன். எடுக்கறப்ப மேல பெயிண்டைப் பாக்காதீங்க, கவுத்துப் போட்டு சக்கரத்து வளைவு ஓரத்தையும் கீழ் மூலையையும் பாருங்க, மண்ணு சேந்து அரிக்கறது அங்கதான். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிசுத் துணில சுத்திக் கொண்டு போங்க, நல்ல தகட்டுல கவ்வும், உள்ள பட்டி (தகட்டு மேல பூசி நிரவற பேஸ்ட்) கனமா இருந்தா வழுக்கிட்டு வந்துரும். புதுசா டூப்ளிகேட் ஃபெண்டரும் கெடைக்குது, வெலையும் பெருசா இல்ல, ஆனா நான் பாத்த ஒண்ணுல தகடு மெல்லிசு, போல்ட் ஓட்டை ஒண்ணு சேரல, பழைய கம்பெனி பார்ட்டே மேல்னு எடுத்துட்டேன். மாட்டறது ஒரு காலைப் பொழுது வேலைங்க, பேட்டரி வயரைக் கழட்டி, பம்பரைத் தளர்த்தி, இண்டிகேட்டர் கனெக்டரை எடுத்துட்டு, 10 நம்பர் ஸ்பேனர்ல போல்ட்டெல்லாம் எடுத்தா கையோட வந்துரும். புதுசு மாட்டறப்ப எந்த போல்ட்டையும் மொதல்லயே முறுக்காதீங்க, எல்லாத்தையும் ரெண்டு சுத்து ஏத்திட்டு, பானெட்டை மூடி கதவைச் சாத்தி சந்து ஒரே அளவா வந்ததுக்கப்புறம் ஒவ்வொண்ணா முறுக்குங்க. சுத்தியல் புடிச்சு ஓய்ஞ்ச எனக்கு அந்தச் சந்து நேரா வந்தப்ப நெம்ப சந்தோசமா இருந்துச்சு.

அடுத்தது பட்டியும் பெயிண்டும், வீட்டு வேலைல நெறையப் பேரு சிக்கறது இங்க. பட்டிங்கறது சொரசொரப்பை நிரவறதுக்கு மட்டுந்தான், பள்ளத்தை மூடறதுக்கு இல்ல, ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல போச்சுன்னா தகடு இன்னும் வரலன்னு அர்த்தம், திரும்பச் சுத்தியலுக்குப் போங்க. 100 கிராம் பட்டிக்கு அதை இறுக வெக்கற ஹார்டனர் 2 கிராம், அவ்வளவுதான். சீக்கிரம் காயட்டும்னு அதிகமாப் போட்டா பின்னாடி பெயிண்ட் வழியா மஞ்சளாக் கசியும். பங்குனி வெயில்ல கலக்கி வெச்சா சில நிமிசத்துல கல்லாயிரும், அதனால ஒரு உருண்டை உருண்டையாக் கலக்குங்க. பட்டி மேல தண்ணி போட்டு எமரி தேய்க்கற பழக்கம் நம்ம பக்கம் நெறைய இருக்கு, பட்டி தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும், ஆறு மாசம் கழிச்சு கொப்புளமா எழும்பும். பட்டியைக் காய்ஞ்சாப்லயே தேய்ங்க, தண்ணி ப்ரைமருக்கு மேல வெச்சுக்கலாம். தேய்ச்சு வெறும் தகடு தெரிஞ்சா அன்னைக்கே ப்ரைமர் அடிங்க, ராத்திரிப் பனில விட்டா காலைல மஞ்சப் பூத்து நிக்கும்.

பெயிண்டை எங்க அடிக்கறதுங்கறதுக்கு என்னோட பதில் உறுதியானது, பெரிய எடம்னா பட்டறைதான். ஒரு காரணம் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடில அடிக்கற காத்துல நம்ம வாசல்ல ஒரு நிமிசம் ஈரப் பெயிண்டை வெச்சா மண்ணு மொத்தமும் அதுமேலதான். சோமனூரு, பல்லடம் பக்கம்னா தறிப் பஞ்சு, பொள்ளாச்சின்னா தென்னை நார்த் தூளு. ஐப்பசி மழைல தின்னர்ல கலந்து அடிக்கற என்சி (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட் அடிச்சா தின்னர் ஆவியாகறப்ப தகடு குளுந்து காத்து ஈரத்தை இழுத்துக்கும், மேல பால் ஊத்துன மாதிரி வெளுத்துரும். தை மாசி காலை பத்து மணிக்கு மேல, பனி விலகி காத்து இல்லாதப்ப, சின்ன எடத்துக்கு ஸ்ப்ரே கேன் தாராளமா அடிக்கலாம். இன்னொரு காரணம் நுரையீரல். ரெண்டு டப்பா கலந்து அடிக்கற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் ஹார்டனர்ல ஐசோசயனேட்டுங்கற ரசாயனம் இருக்கு, அது ஆஸ்துமாவைக் கொண்டு வந்துரும், துணியோ சாதா மாஸ்க்கோ அதைத் தடுக்கவே தடுக்காது. வீட்டுல குழந்தைங்க, வயசானவங்க இருக்கற எடத்துல அதை அடிக்க நான் ஒத்துக்கவே மாட்டேன். கலரு ஒத்து வர்றதும் பாருங்க, எங்களது சுப்பீரியர் ஒயிட், கம்பெனிக் கலருன்னாலும் 20 வருச வெயில் பட்ட வெள்ளையும் புது வெள்ளையும் பக்கத்துல வெச்சாத் தெரியத்தான் செய்யும், பழசைக் காம்பவுண்டுங்கற பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுட்டு அதுக்கு ஒத்துக் கலக்கச் சொல்லோணும். மெட்டாலிக் சில்வர்னா வீட்டுல முயற்சியே வேண்டாம். வேற கலரே அடிச்சுடலாம்னு தோணுனா ஆர்சில ஏத்தோணும், அதையும் சேத்து யோசிங்க.

மூணாவது ஒடுக்கு, டிக்கிப் பக்கம் இருக்கற குவார்ட்டர் பேனல். இது போல்ட்டுல இல்ல, பாடியோட வெல்டிங் ஆனது, கழட்டி மாத்த முடியாது, உள்ள இன்னொரு தகடு இருக்கறதால கையும் போகாது. துரு வேற ஏறியிருக்கு, சுரண்டுனப்ப ரெண்டு எடத்துல ஊசி ஓட்டை தெரிஞ்சுது. பின் சீட்டுக்கு அடில பெட்ரோல் டேங்க், அந்தப் பக்கம் வெல்டிங் வெக்கறதெல்லாம் வீட்டு வேலையே இல்லைங்க. அதனால அதே டிங்கர் அண்ணன்கிட்ட விட்டேன். அவரு வெளிய இருந்து வாஷர் ஒட்டவெச்சு இழுத்து ஒடுக்கை எடுத்து, துருப் புடிச்ச எடத்தை வெட்டிட்டு புதுத் தகடு வெச்சாரு. பட்டறைல விடறப்ப ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிக்கோங்க, பட்டி போடறதுக்கு முன்னாடி ஒருக்கா கூப்பிடுங்கண்ணா, தகட்டைப் பாத்துட்டுப் போறேன்னு. நல்ல டிங்கரு சந்தோசமாக் காட்டுவாரு. அதுக்கு முன்னாடி நான் வெல கேட்ட இன்னொரு பட்டறைல, அதெல்லாம் எதுக்கு, பெயிண்ட் அடிச்சதும் பாருங்கன்னாங்க, அங்க விடல.

செலவு எனக்கு ஆனதைச் சொல்றேன், ஊருக்கு ஊரு மாறும். கதவுக்கு சக்ஷன் கப்பு 350, ஃபெண்டருக்கு 1,200, டாலிக்கு லேத்துக்காரரு காசே வாங்கல. குவார்ட்டர் பேனல் வேலையும், ஃபெண்டர், குவார்ட்டர் ரெண்டுக்கும் ஒட்டுக்கா பெயிண்டும் சேத்து 7,500. மூணையும் அப்படியே பட்டறைல விட்டா 14,000 சொல்லியிருந்தாங்க. கதவுல நின்ன அந்த நகக் கோட்டை அப்படியே விட்டுட்டேன், அங்க பெயிண்ட் கம்பெனில அடிச்சது, அதை ஒடைச்சுட்டுத் திரும்ப அடிக்க மனசு வரல. வெட்டித் தகடு வெச்ச எடத்துக்கு உள்பக்கமா மெழுகு ஸ்ப்ரே அடிச்சாச்சு, கதவுக்கு அடில தண்ணி வடியற ஓட்டையெல்லாம் ஈக்குக் குச்சி விட்டு மண்ணு எடுத்தாச்சு, அடுத்த வேலை கேட்டுக் கல்லை அக்கட்டால ரெண்டடி தள்ளி நடறது, அதுக்கு ஞாயித்துக்கெழமை ஆள் சொல்லியிருக்கேன்.